நோவு நிண்டா பல் சுகமாகிட்டா?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொண்டு போங்கள்: நாலைந்து நாள் உயிரை எடுத்த பல்வலி ஒரு நாள் தானாக நின்றுவிட்டால், அது சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அந்தப் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துவிட்டது என்றுதான் அர்த்தம். வைத்தியரிடம் போக வேண்டியது அப்போதுதான். நம்மூரிலோ அப்போதுதான் போகாமல் விடுகிறோம்.

வகுப்பறையில் நிற்கும் எங்களுக்கு இது அடிக்கடி கண்ணில் படுகிறது. திங்கட்கிழமை வரவுப் பதிவேட்டில் ஒரு பிள்ளை இல்லை. செவ்வாய் கடிதத்தோடு வருகிறது, 'பல்வலி' என்று வாப்பா எழுதியிருப்பார். பிள்ளை கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி இருக்கும், ஆனால் ஒரு எழுத்தும் உள்ளே போகாது. உம்மாவைச் சந்தித்துக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "இப்ப ஒண்டும் இல்ல சேர். பனடோல் குடுத்த, நோவு நிண்டுட்டு." இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளை கன்னம் வீங்கி, காய்ச்சலோடு. மறுபடியும் ஒரு கிழமை லீவு. புலமைப்பரிசில் வகுப்புக்கு ஒரு நாள் விட்டால் பதறுகிற பெற்றோர், பல்லால் போகும் நாட்களைக் கணக்கெடுப்பதே இல்லை.

பல் என்பது ஒரு கல் இல்லை. வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதி எனாமல். நம் உடம்பிலேயே ஆகக் கடினமான பொருள் அது. அதில் நரம்பு கிடையாது, அதனால் சூத்தை அங்கே தொடங்கும்போது ஒன்றும் தெரியாது. அதற்குள்ளே டென்டின் என்ற மஞ்சள் அடுக்கு. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் சின்ன அறை. வாயில் வாழும் கிருமிகள் நாம் சாப்பிடும் சீனியைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எச்சில் அதைக் கழுவிச் சரிக்கட்ட அரை மணித்தியாலம் வரை தேவை. அதனால்தான் எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியமாகிறது. காலையில் ஒரு கோப்பை இனிப்புத் தேநீரைக் குடித்து முடித்தால் பல்லுக்கு ஓய்வு கிடைக்கும். கடையில் இருந்துகொண்டு பகல் முழுக்க பிளேன் டீயை உறிஞ்சிக்கொண்டே இருந்தாலோ, பிள்ளையின் கையில் டொபிப் பைக்கற்றைக் கொடுத்துவிட்டாலோ, அது பல்லுக்கு நாள் முழுக்க அமில மழை.

சூத்தை டென்டினைத் தொட்டதும் முதல் அறிகுறி வரும். ஐஸ்கிரீம், குளிர்ந்த தண்ணீர், இனிப்பு பட்டால் சுள்ளென்று கூசி, சில நொடியில் போய்விடும். இந்தக் கட்டத்தில் போனால் பல்லைத் துப்புரவாக்கி அடைத்துவிடுவார்கள். அநேகமாக ஒரே நாளில் வேலை முடியும். நாம் செய்வது என்ன? அந்தப் பக்கத்தால் சாப்பிடாமல் மற்றப் பக்கத்துக்கு மாறுவது.

அடுத்த கட்டத்தில் கூச்சம் சில நொடியில் போகாது. குடித்து முடித்த பிறகும் நிமிடக்கணக்கில் நிற்கும். சூடு பட்டால் துடிக்கும். ஒன்றுமே படாமல் தானாகவும் வரும், முக்கியமாக இராத்திரியில். இரவில் ஏன் கூடுகிறது என்று பலர் கேட்பதுண்டு. படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுகிறது. பல்லுக்குள் இருக்கும் அறை எலும்பு போன்ற சுவருக்குள் அடைபட்டது, வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் இதயத் துடிப்போடு சேர்ந்து துடிக்கிற அந்த நோவு. தலையணையை உயர்த்திப் படுத்தால் கொஞ்சம் குறைவது இதனால்தான். இந்தக் கட்டத்தில் சாதாரணமாக அடைப்பது போதாது. வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லைக் கழற்ற வேண்டும்.

பிறகு திடீரென்று நின்றுவிடும். குளிருக்கும் கூசாது, சூட்டுக்கும் துடிக்காது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. யாராவது ஓதிப் பார்த்திருந்தால் அதற்கும், கராம்பு வைத்திருந்தால் கராம்புக்கும், மருந்துக் கடைத் தம்பி தந்த கலர் குளிசைக்கும் பெயர் போய்ச் சேரும். உண்மையில் நரம்பு செத்ததால் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கிருமி நிற்கவில்லை. வேரின் நுனியால் இறங்கித் தாடை எலும்புக்குள் சீழ் கட்டத் தொடங்குகிறது. கடித்தால் மட்டும் நோகும், பல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலத் தோன்றும், முரசில் சின்னப் பரு மாதிரி வந்து உடையும். அந்தப் பரு உடைந்து சீழ் வடிந்ததும் வலி இன்னும் குறைந்துவிடும். அதையும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறோம்.

கைவைத்தியத்தை முழுதாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கராம்பில் இருக்கும் யூஜினோல் உண்மையிலேயே மரக்கச் செய்யும். பல் வைத்தியர்கள் தற்காலிகமாக அடைக்கும் மருந்திலும் அது சேர்கிறது, அந்தக் கிளினிக் வாசனையே அதுதான். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதும் நல்லது. ஆனால் இவை விடியும் வரை சமாளிக்க, விடிந்ததும் போவதற்கு. பனடோலை, அஸ்பிரினைப் பொடியாக்கி முரசில் வைத்துக் கட்டுவது வேறு கதை. அஸ்பிரின் அங்கே தோலை வேகவைத்துப் புண்ணாக்கிவிடும். பனடோலை விழுங்கினால்தான் வேலை செய்யும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. நோவு தாங்காமல் மணிக்கொரு தடவை விழுங்குகிறவர்கள் ஈரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று: மாரி காலத்தில் நம் மாவட்டத்தில் டெங்கு வருவது எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலும் இருந்தால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சொந்த முடிவில் எடுக்க வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

அன்டிபயோட்டிக் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "பல்லுக்கு அமொக்ஸிசிலின் நாலு தாங்க" என்று கேட்டு வாங்குவது நம்மூரில் சர்வசாதாரணம். மருந்து இரத்தத்தோடு ஓடித்தான் கிருமியிடம் போக வேண்டும். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. பிறகு எப்படிப் போகும்? வெளியே பரவியிருக்கும் வீக்கத்தை அது கொஞ்சம் அடக்கும், மூலம் அப்படியே கிடக்கும். நாலு குளிசையோடு நிறுத்துவதால் சாகாமல் தப்பிய கிருமி மருந்துக்குப் பழகியும் விடும். வீக்கம், காய்ச்சல் இருக்கும்போது வைத்தியர் எழுதித் தந்தால் முழுதாக எடுங்கள். அதுவும் பல்லைப் பார்ப்பதற்குப் பதிலாக இல்லை, அதோடு சேர்த்து.

புழு எடுக்கும் விஷயத்தையும் விட்டுவிட முடியாது. கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடித்து, பிறகு தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் 'புழு' காட்டுவார்கள். நம் மூத்தம்மாமார் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் பண்ணுவார்கள். பார்த்தது உண்மைதான், ஆனால் அது சூட்டில் வெடித்த விதையின் உள்முளை. பல்லுக்குள் புழு இல்லை. இது வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தந்த அறிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் பக்கத்து அல்-ஜவ்பரி என்பவர் ஊரை ஏமாற்றுகிறவர்களின் தந்திரங்களைத் தோலுரித்து அரபியில் ஒரு நூல் எழுதினார். பல்லில் புழு எடுப்பவர்களையும் அவர் அதில் விட்டுவைக்கவில்லை. ஐரோப்பாவில் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் இதை மறுத்து எழுதியது 1728இல்தான்.

இனிப் பிள்ளைகளின் பல். "பால் பல்தானே, விழுந்துடும்" என்ற ஒரு வசனம் நம்மூரில் எத்தனை பல்லைக் கெடுத்திருக்கிறது! பால் பல்லுக்கும் நரம்பு இருக்கிறது, சீழும் கட்டும், அதன் அடியில்தான் நிரந்தரப் பல்லின் மொட்டு இருக்கிறது. காலத்துக்கு முன் கழற்றினால் பக்கத்துப் பற்கள் சரிந்து, வர வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

அதைவிடப் பெரிய தவறு ஆறாம் வயதில் நடக்கிறது. தரம் 1இல் இருக்கும் பிள்ளையின் வாயில், பால் பல் வரிசைக்குப் பின்னால், ஒன்றும் விழாமலேயே ஒரு பெரிய கடவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல். சாகும் வரை இருக்க வேண்டியது. ஆழமான குழிகளோடு, பிரஷ் எட்டாத மூலையில் வருவதால் முதலில் சூத்தையாவதும் அதுதான். இன்று இரவு உங்கள் ஆறு, ஏழு வயதுப் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கறுப்புக் கோடோ குழியோ தெரிந்தால் நோவு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இதற்காகவே நம் நாட்டில் ஒரு சேவை இருக்கிறது, பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம். நியூசிலாந்து 1921இல் பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவென்றே பெண்களைப் பயிற்றத் தொடங்கியது. அந்த முறையைப் பின்பற்றி, கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் மகரகமையில் இங்கும் பயிற்சி ஆரம்பமானது. 3 வயது முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்குச் சூத்தை அடைப்பது, துப்புரவு செய்வது, தேவையானால் பால் பல்லைக் கழற்றுவது எல்லாம் இலவசம். 13 வயதுக்குப் பிறகு அரச வைத்தியசாலையின் பல் பிரிவு, அதுவும் இலவசம். ஆனால் சம்மதக் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிள்ளைகள் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். "பல்லைக் கழட்டிருவாங்க, பிள்ளை பயப்படும்" என்பது காரணம். பிள்ளைக்கு அந்தப் பயத்தை யார் கொடுத்தது? "சொல்வழி கேக்காட்டி பல் டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுருவன்" என்று வீட்டில் மிரட்டி வளர்த்தவர்கள்தானே.

நோவே இல்லாமல் வேலையை முடித்துவிடும் வருத்தமும் உண்டு. நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 1970 முதல் 15 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வு உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடமாகிவிட்டது. நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவும் அவருடைய குழுவும் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். பிரஷ் கிடையாது, பல் வைத்தியரைக் கண்டதும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் அவர்களிடம் சூத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் முரசு நோய் இருந்தது. 81 சதவீதத்தினரில் மெல்ல மெல்லப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்தது. 8 சதவீதத்தினரில் அது வேகமாக நடந்து, 45 வயதாகும்போது எல்லாப் பல்லும் போயிருந்தது. 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பதினொன்றில் நாம் இருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ள யாருக்கும் உத்தரவாதம் இல்லை. பல் துலக்கும்போது இரத்தம் வருவது, பல் ஆடுவது, வாய் நாற்றம், இவை நோகாது, ஆனால் இவையும் வைத்தியரிடம் போக வேண்டிய காரணங்கள்தான். சீனி வருத்தக்காரர்களுக்கு இது இரட்டை அடி. சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனி கட்டுப்படாது.

வெற்றிலை போடுகிறவர்களும், பாபுல், பீடா என்று பழகிவிட்ட நம் இளைஞர்களும் இதைக் கவனித்து வாசியுங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இலேயே முடிவு செய்துவிட்டது. நம் நாட்டு ஆண்களுக்கு ஆக அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். தொடக்கத்தில் அது நோவதில்லை. கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படலம், சிவந்த தழும்பு, காரம் பட்டால் எரிவு, வாய் முன்புபோல் அகலத் திறக்காமல் போவது, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண். இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம்தான் முதலில் காட்ட வேண்டும். நோகவில்லையே என்று விடுகிறவர்கள்தான் மகரகமைக்குப் பிந்திப் போய்ச் சேருகிறார்கள்.

நோன்பு வந்தால் எல்லாவற்றையும் பெருநாளுக்குப் பிறகு என்று தள்ளிவைப்பது இன்னொரு பழக்கம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, பல்லைக் குடைவதும் கழற்றுவதும் துப்புரவு செய்வதும் பிரஷ், மிஸ்வாக் பாவிப்பதும் தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை நோன்பை முறிக்காது என்று தீர்மானித்திருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். இரவில் திறந்திருக்கும் தனியார் கிளினிக்குகளும் உண்டு. ஆனால் சீழ் கட்டிய பல்லை முப்பது நாள் வைத்திருப்பதற்கு நோன்பைக் காரணம் காட்டாதீர்கள். மிஸ்வாக் சுன்னத்தான, நல்ல பழக்கம். அதோடு ஃபுளோரைட் உள்ள பற்பசையும் தேவை. பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்து 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று இருப்பதை வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசி மணியளவு போதும். சஹர் முடிந்ததும் அப்படியே படுக்காமல் பல்லைத் துலக்கிவிட்டுப் படுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் விஷயமும் இதைப் போலத்தான். "வயித்துல பிள்ளை இருக்கக்குள்ள பல்லுல கை வைக்கக் கூடாது" என்ற பேச்சு பிழை. கர்ப்பிணி கிளினிக்கிலேயே பல்லைக் காட்டும்படி அனுப்புகிறார்கள். நடு மூன்று மாதம் சிகிச்சைக்கு ஆக வசதியான காலம். அவசரமென்றால் எந்த மாதத்திலும் செய்யலாம். இருதய வால்வில் பிரச்சினை உள்ளவர்கள், வாதக் காய்ச்சலுக்காக மாதா மாதம் பென்சிலின் ஊசி போடுகிறவர்கள், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறவர்கள், கதிரையில் ஏறுவதற்கு முன்பே அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

இப்போது சொல்வது காத்திருக்க முடியாத நிலை. வீக்கம் கண்வரை ஏறுகிறது, அல்லது தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குகிறது. வாய் இரண்டு விரல்கூடத் திறக்கவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தள்ளுகிறது, குரல் மாறுகிறது, மூச்சு இழுக்கிறது, நடுக்கத்தோடு காய்ச்சல். இதில் ஒன்று கண்டாலும் பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மருந்துக் கடைக்கும் போகாதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கீழ்க் கடவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடிக்கு இறங்கி மூச்சுக் குழாயை அடைப்பதை லுட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் 1836லேயே விவரித்துவிட்டார். பல்லால் மௌத்தாவதா என்று சிரிக்கிறவர்கள் உண்டு. அப்படியும் நடக்கும்.

எல்லாப் பழியையும் சனங்களின் தலையில் போடுவதும் நியாயமில்லை. சுபஹ் தொழுத கையோடு போய் நின்றாலும் நம்பர் முடிந்துவிட்டது என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாவியில் வலை போடுகிறவருக்கும் கடையில் நாட்கூலிக்கு நிற்பவருக்கும் ஒரு காலைப் பொழுது போனால் அன்றைய சோறு போச்சு. வேர்ச் சிகிச்சைக்கு அரசாங்கத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தனியாரில் செய்யப் பணம் வேண்டும். அதனால்தான் "கழட்டிப் போடுங்க டொக்டர்" என்று, அடைத்துக் காப்பாற்றக்கூடிய பல்லையும் கழற்றிக்கொண்டு வருகிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை படுவான்கரைச் சனங்களில் பலர் தோணியிலும் 'பாதை'யிலும் வாவியைக் கடந்துதான் இக்கரை வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். பாலம் வந்ததும் போக்குவரத்து மாறியது, மாதக் கடைசிக் கையிருப்பு மாறவில்லை.

ஆனாலும் கூட்டாகச் செய்யக்கூடியது இருக்கிறது. நம் பள்ளிவாசல்களில் கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம் எல்லாம் அழகாக நடக்கின்றன. பல்லுக்கு ஏன் இல்லை? வருடத்துக்கு ஒரு தடவை தரம் 1, 2 பிள்ளைகளின் ஆறு வயதுக் கடவாய்ப் பல்லைப் பார்க்க மட்டும் ஒரு முகாம் போதும். ஒரு பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்யும் செலவில் எத்தனையோ பிள்ளைகளின் குழிகளை அடைத்துக் காக்கலாம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம், என்ன விற்கக் கூடாது என்று சுற்றுநிருபமே இருக்கிறது. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் அதைக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டால் 'வாத்திமார் கரைச்சல்', நீங்கள் கேட்டால் தீர்மானம்.

கத்தீப்மாரிடமும் நிர்வாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கும் அறிவித்தல்களோடு, நம் பகுதிப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையமும் வைத்தியசாலைப் பல் பிரிவும் எந்தெந்த நாட்களில், எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கின்றன என்பதையும் சேர்த்து வாசியுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒவ்வொரு ஊருக்கும் நேரம் வித்தியாசப்படும். சரியாகத் தெரிந்தவர்கள் கீழே கொமண்டில் போடுங்கள், ஊர் வாரியாகச் சேர்த்து இதே பதிவில் போட்டுவிடுகிறோம். உங்கள் பிள்ளையின் புத்தகப் பையில் கையெழுத்து வைக்காத சம்மதக் கடிதம் இருந்தால், நாளைக் காலை அனுப்பிவிடுங்கள்.